அப்பாவின் பல்லுக்குக் கேட்ட பாட்டு

மடுமாதா துணை

அரிப்பு,
24.07.1979

அன்புள்ள மகள் அன்ரோனெற்றுக்கு,

ஆண்டவர் தந்த சுகத்தோடு அப்பாவும் நானும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் காய்ச்சல் தடிமன் எதுவும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். உன் கடிதமும் படமும் போன கிழமை வந்தன, தாதி உடுப்பில் நல்ல வடிவாகத்தான் இருக்கிறாய், ஆனால் கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, காலையில் வெறும் தேத்தண்ணியோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும், அப்படிச் செய்யாதே. இங்கே சோளகக் காற்று இந்த முறை ஒரு நாளும் ஓயவில்லை, வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன, வீட்டுக்குள் கூட்டக் கூட்ட மணல். அப்பா கடலுக்குப் போகாமல் முற்றத்து வேம்பின் கீழே இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். கோயிலுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், தூரத்தில் இருந்து பார்த்தால் கண் கூசுகிறது.

தட்டுப் போட்டுக் கேட்கிற பாட்டுப்பெட்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நீ கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கி, இங்கிலாந்துக்குப் போக முன்னர் எனக்கென்று கொண்டுவந்து வைத்த பெட்டி, மூன்று வருடமாக அலுமாரிக்கு மேலே துணி போர்த்தியபடி இருக்கிறது. ஒன்றில் புது ஊசியும் பெரிய ஸ்பீக்கரும் அனுப்புகிறேன் பூட்டிக் கேளுங்கோ, இல்லாவிட்டால் விற்றுவிடுங்கோ என்று எழுதியிருந்தாய். ஏன் பாவிக்கவில்லை என்று நீ கேட்ட நேரமெல்லாம் பற்றறி கிடைக்கவில்லை, ஊசி சரியில்லை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை அதுவல்ல பிள்ளை. நீ இங்கிலாந்துக்குப் போன அந்தக் கிழமையே ஒருநாள் பின்னேரம் மாதா பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்து கேட்டேன். அப்பா எனக்கு முன்னால் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தபோது அவரும் சிரித்தார், நான் கண்ணைத் துடைத்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு எப்படிப் போகிறதென்று அறிந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அறுபத்தெட்டாம் ஆண்டு சங்கு குளிக்கப் போன இடத்தில் இரண்டு காதாலும் இரத்தம் வழிய அவரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பதினாலு வயது. காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, இனித் திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்ததோடு சரி, பிறகு நாங்கள் யாரிடமும் காட்டவில்லை. காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினால் பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி ஏதோ கேட்கும் என்பார், அவ்வளவுதான்.

ஆகவே விற்கிறதென்றே முடிவெடுத்தேன். உயிலங்குளத்தில் படிப்பிக்கிற அமிர்தநாயகம் மாஸ்ரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட ஒரு பெட்டி தேடுகிறார் என்று அறிந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி ஆள் விட்டேன். பழுதான சாமானைக் கொடுக்கக்கூடாதென்று வியாழக்கிழமை வஸீரைக் கூப்பிட்டேன். சிலாவத்துறையில் றேடியோ திருத்துகிற பிள்ளை, உன்னைவிடப் பத்து வயது மூத்தவர், கையில் நல்ல நிதானம். அவர் பெட்டியை வேம்பின் கீழே மேசையில் வைத்துத் திறந்து, புழுதி துடைத்து, பற்றறி போட்டு, தன்னிடம் இருந்த ஒரு பழைய ஊசியைப் பூட்டி, நாதசுரத் தட்டொன்றைச் சுழல விட்டார். பாட்டோடு சேர்ந்து பெட்டியே நடுங்கிக் கிருகிருவென்று இரைந்தது. மட்டமான பெட்டி அக்கா, ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால் பலகை எல்லாம் அதிர்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அப்பா அந்த நேரம் பக்கத்தில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கண்ணியைப் பிடித்தால் மூங்கில் வலையூசியைப் பல்லில் கடித்துக்கொள்ளுகிற பழக்கம் அவருக்கு இருக்கிறதல்லவா. தட்டுச் சுழலுவதைப் பார்க்கவென்று வலையையும் பிடித்தபடி எழும்பி வந்து குனிந்தார். வாயில் இருந்த வலையூசியின் மற்ற நுனி பெட்டியின் பலகையில் முட்டியது.

மகள், அந்த முகத்தை உனக்கு எப்படி எழுதுவேன். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். கையில் இருந்த வலை கீழே விழுந்தது. நெஞ்சுக்குள் ஏதோ செய்துவிட்டதென்று பயந்து நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன், வஸீரும் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். வலையூசியைக் கடித்தபடியே, பல்லுக்குள்ளால் சொன்னார்.

“நிப்பாட்டாதை தம்பி. தவில் அடிக்கிறான்.”

நானும் வஸீரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதிர்வைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். வஸீர் அப்பா காணாதபடி அவரை மற்றப்பக்கம் திரும்பி நிற்கச் செய்து, தட்டை மாற்றினார். மாதா பாட்டுத் தட்டு. அப்பா திரும்பவும் நுனியைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தால், “இது பொம்பிளைக் குரல். கனபேர் பின்னாலை பாடுகினம்” என்றார். பிறகு அந்தப் பாட்டின் அடியை, பிழைக்காமல், தட்டோடு சேர்ந்து தானும் முணுமுணுக்கத் தொடங்கினார். பதினொரு வருடமாகக் கோயிலில் வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதர். வஸீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுபஹானல்லாஹ் என்று மெதுவாகச் சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே மணலில் இருந்துவிட்டேன். வேம்பில் காகம் கத்துகிறது, காற்று இரைகிறது, அவை ஒன்றும் அவருக்கு இல்லை, ஒரு சாண் மூங்கிலுக்குள்ளால் மட்டும் ஒரு பாட்டு முழுதாய் அவருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் கும்பிட்டுக் கேட்டு, கிடைக்காதென்று கேட்பதையே விட்டுவிட்ட ஒன்று பிள்ளை. அது இத்தனை நாளும் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்குப் பின்னேரம் பற்றறி இறங்கும் வரைக்கும் அவர் மேசையை விட்டு எழும்பவில்லை. பல்லு வலிக்கவில்லையா என்று கையால் கேட்டேன், வலிக்கிறது என்று சிரித்தார். ஒன்று சொன்னார், அது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. அவருடைய சொந்தக் குரல் மட்டும் அவருக்கு எப்போதும் உள்ளுக்குள் கேட்டபடிதான் இருந்ததாம், எங்கள் குரல்தான் இல்லாமல் போனதாம். தன்னோடு தானே இருந்து அலுத்துவிட்டது என்றார்.

மறுநாள் வஸீர் தானாகவே பற்றறியோடு வந்தார், ஆமினா, அவருடைய மனைவி, அப்பாவுக்கென்று இனிப்புத் தொதல் கிண்டிக் கொடுத்துவிட்டிருந்தார். நீ அனுப்புவதாக எழுதிய பெரிய ஸ்பீக்கரைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அது வேண்டாம் அக்கா என்றார். பெரிய ஸ்பீக்கர் தனிப்பெட்டியாய்த் தள்ளி நிற்கும், இந்தப் பெட்டி நடுங்காது, எங்கள் காதுக்கு நல்லாய் இருக்கும், அண்ணனுக்கு ஒன்றும் வராது என்றார். முதல்நாள் தான் குறை சொன்ன அந்த நடுக்கம்தான் அவருக்குப் பாட்டு, ஊசியை மட்டும் புதிதாய் மாற்றுவோம், மற்றதில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு பூசை முடிந்து அமிர்தநாயகம் மாஸ்ரர் வந்தார். அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்த மனிதருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது என்று நான் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் நின்றேன். அப்பாவே சொல்லிவிட்டார், மன்னிக்கோணும் மாஸ்ரர், இப்ப எனக்குக் கேக்குது என்று. மாஸ்ரருக்கு விளங்கவில்லை. அப்பா தட்டைப் போட்டு, ஒரு சுள்ளியைக் கழுவிக் கொடுத்து, இரண்டு காதையும் விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு கடித்துப் பார்க்கச் சொன்னார். படித்த மனிதர், வெள்ளை வேட்டியோடு மேசையில் குனிந்து நின்று கேட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. எலும்பால் கேட்பதென்று புத்தகத்தில் வாசித்ததுண்டு, வாயில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல்தரம், என்றார். பிறகு பெட்டியை விற்கவேண்டாம் என்று எங்களுக்கே சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பெட்டி விடயம் இப்படி முடிந்தது, ஊசி மட்டும் அனுப்பு.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுதுவது பெட்டிக்காக அல்ல. மாஸ்ரர் போன பிறகு நான் குசினியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எனக்கு முன்னால் குந்தினார். வலையூசியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்ற நுனியை என் தொண்டைக்குழிக்குக் கீழே எலும்பில் வைத்து அழுத்தினார். வாய் திறந்து கதை என்றார். பதினொரு வருடமாக அவரோடு கையாலும் கண்ணாலும் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறேன், சாப்பாடு, மழை, ஆள் வந்திருக்கு, இவ்வளவுதான். என்னத்தைக் கதைக்கிறது என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“உன்ரை குரல் தடிச்சுப் போச்சு திரேசம்மா” என்றார்.

பிறகு நான் நிறுத்தவேயில்லை. மீன் செதில் கையோடு காய்ந்தது. அவருக்குத் தெரியாமல் போன எல்லாவற்றையும் சொன்னேன், என் தாய் சாகும்போது கேட்டதை, சுவாமியார் பிரசங்கத்தில் சொன்ன பகிடிகளை, அவரோடு கோபித்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நான் திட்டினதைக்கூடச் சொன்னேன். அது தெரியும், உன் முதுகே சொல்லும் என்றார். அப்படியே சொல்லிச் சொல்லி, நீ புறப்பட்ட அன்றைக்கு முருங்கன் ஸ்ரேசனில் நடந்ததற்கு வந்துவிட்டேன். நீ றெயில் ஏறுகிற நேரம் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அப்பா, நான் போகட்டோ?” என்று கேட்டாய். அப்பா தலையாட்டினார், நீ ஏறிவிட்டாய். இதைச் சொன்னதும் அவர் வலையூசியை வாயில் இருந்து எடுத்துவிட்டார். நீ அப்போது, கடிதம் போடுகிறேன் என்று சொல்வதாகத்தான் அவர் நினைத்துத் தலையாட்டினாராம். நீ கேட்டது அவருக்குத் தெரியாதாம். மூன்று வருடமாகப் பிள்ளை என்னிடம் கேளாமல் போய்விட்டாள் என்று ஒரு மூலையில் வைத்திருந்தாராம், என்னிடம்கூடச் சொல்லவில்லை.

வாசல்படியில் போய்க் கடலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு வந்து, கடிதம் எழுதப் போகிறாயா என்று கேட்டார், ஓம் என்று தலையாட்டினேன். அப்படியென்றால் பிள்ளை கேட்டதற்கு மறுமொழி எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஓம் மகள். போயிட்டு வா.”

மடுமாதா உன் கூடவே இருப்பாள், உன் கையால் மருந்து வாங்குகிற நோயாளிகளுக்கும் சுகம் கிடைக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் உன் நெற்றியில் சிலுவை அடையாளம் இடுகிறோம். நீ வேலை செய்கிற இடத்தில் காது பார்க்கிற டாக்குத்தர் இருந்தால் நான் எழுதியதைச் சொல்லி, எலும்பால் கேட்க வைக்கிற கருவி ஏதும் உண்டா என்று மறக்காமல் விசாரித்து எழுது, அப்பா கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
சி. திரேசம்மா