யார் வீட்டு ரத்தம்

ஜூன் 9, 2025, திங்கள்

ஹாஃபிஸா பல் தேய்த்த இடத்தில் மறுபடி ரத்தம். பன்னிரண்டு வயது மகள், என்னைத் தேற்றுகிறாள்: "ஒண்ணுமில்ல உம்மா, பிரஷ் குத்திட்டு." பிளேட்லெட் பதினோராயிரம்; ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். முதலில் ரத்தம், அப்புறம் குடல், இப்போது தைராய்டு. மூன்று வருடம், மூன்று டாக்டர், மூன்று நோய்ப் பெயர். எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

புது டாக்டரம்மா மகளின் மரபணு ரிப்போர்ட்டைக் காட்டினார். எல்லாம் ஒரே நோய்தானாம்! உடம்பைக் காக்கிற அணுக்கள் சண்டைக்குப் போனால் "போதும், நிறுத்து" என்று சொல்ல ஒரு பிரேக் உண்டு. இவளுக்கு அதில் பாதிதான் இருக்கிறது. நிறுத்தத் தெரியாமல் இவள் ரத்தத்தையே, இவள் குடலையே அடிக்கின்றன. அந்தப் பிரேக்கின் வேலையைச் செய்ய ஊசி இருக்கிறதாம். வாரம் ஒன்று.

"சொந்தத்துல கட்டுனதாலயா?" என்று கேட்டேன். இல்லையாம். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து இந்தக் குறை வந்தாலே போதும். வைத்திருப்பவருக்கு நோய் வராமலும் இருக்கலாம். எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மூன்று வருடமாகத் தாராவி முழுக்க "மாமா மவன கெட்டுனா இப்படித்தான்" என்று பேசினார்களே, அவர்கள் முகத்தில் கரியைப் பூச வேண்டும்.

ஒருவர் என்றால் — யார்? இதுகூடவா தெரியாது? என் வீட்டுக்காரர் நசீர் மச்சானின் தங்கை நூர் நிஷா பதினைந்து வயதில் மூக்கில் ரத்தம் நிற்காமல்தானே செத்தாள். ஊரில் இருந்த எங்களுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார் மாமா. நிக்காஹ் பேசும்போதும் யாரும் மூச்சு விடவில்லை; தாராவிக்கு வாழ வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் 27, வெள்ளி

கத்திவிட்டேன். "ஒங்க வீட்டு ரத்தந்தான் எம்புள்ளய திங்குது. மறைச்சுல்லா கெட்டி வச்சிய! நல்லா இருப்பியளா?" மச்சான் தோல்பை பட்டறையிலிருந்து வந்தபடியே, விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டு நின்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஜூலை 1

பேச்சில்லை. சோற்றை மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

முதல் ஊசி போட்டாயிற்று. ஜும்மாவுக்குக் கிளம்பியவரை வாசலில் நிறுத்தி மறுபடி வைதேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பார்க்கட்டும்.

ஜூலை 7, திங்கள்

டாக்டரம்மா என்னிடம் கேட்கிறார், நீ எத்தனை வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாய் என்று. என் மாத்திரைக்கும் இதற்கும் என்ன என்றேன். அவர் விழித்தார். இரண்டு ரிப்போர்ட்டையும் ஜூன் 25 அன்றே நசீருக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்தக் குறை அவருக்கு இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

எனக்கு.

நூர் நிஷாவின் வாப்பாவும் என் உம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நான் காறித் துப்பிய வீடு என் வீடுதான். எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? சீ, என்ன பிறவி நான்!

வீட்டுக்கு வந்து அதற்கும் கத்தினேன். "தெரிஞ்சும் ஏன் மச்சான் வாய மூடிட்டு இருந்திய?"

"தெரிஞ்சா நீ ஒன்னையே போட்டு வையுவ. புள்ளயப் பாக்கணும்லா? அதுக்கு என்னைய வையிளா. நாந் தாங்குவேன்."

ஜூலை 28, திங்கள்

பிளேட்லெட் எழுபத்திரண்டாயிரம். ஹாஃபிஸா பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினாள், வெள்ளையாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அவருக்குப் பிடித்த குழம்பு, மீன் ஆணம் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கூடிட்டுளா" என்றார் மச்சான்.

வழக்கம்போல் வையாமல், இன்னொரு கரண்டி சோறு போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.