கேமராவுக்கு முன்னால் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்றும் பேச்சுப் பயிற்சி டீச்சருடன் வீடியோ வகுப்பு. ‘ப’வும் ‘க’வும் இன்னும் என் எதிரிகள்தான். ஆனாலும் ஒரு முழு வாக்கியத்தைத் திக்கித் திக்கியாவது கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். டீச்சர் கைதட்டினார். பயிற்சி சென்டருக்கு நேரில் போக வெட்கப்பட்டுத்தான் அவர்களுடைய இந்த ஆப். என் முகம் கோணுவதை இங்கே ஒரே ஒருவர்தான் பார்க்கிறார்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் சத்தத்தில் என்னை யாரும் பேசச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையை விடவில்லையோ?

மார்ச் 10, செவ்வாய்

“திக்குறதுல எது உங்களுக்கு ரொம்ப வலிக்குது?” என்று கேட்டார் டீச்சர்.

மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஒருவர் என் பெயரைக் கேட்டார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பதிலாக என் பெயரைச் சொன்னாள். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

“குரல் விட்டு விட்டு வந்துச்சு. லைட்டை முகத்துக்கு நேரா வெச்சுட்டு இன்னொரு தடவை சொல்லுங்களேன்.”

சொன்னேன். மறுபடியும் அழுகை. முடிந்ததும், இதெல்லாம் பதிவாகுமா என்று கேட்டேன்.

“சேச்சே, இது நமக்குள்ளதான்.”

மார்ச் 11, புதன்

மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

கவுண்டரில் நிற்கும் பெண் பின்னறைக்கு வந்து, மெஷினை நிறுத்தச் சொல்லி சைகை காட்டினாள். கையில் போன்.

“அண்ணே... இது நீங்களான்னு பாருங்க.”

நான்தான். என் படுக்கையறைச் சுவர், என் கோணல் வாய், என் கண்ணீர். பின்னால் சோக இசை. ‘பேசத் தயக்கமா? எங்களிடம் வாருங்கள்’ என்று கீழே சென்டரின் பெயர்.

இரண்டாவது தடவை சொன்னதைத்தான் போட்டிருக்கிறார்கள். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. முதல் தடவை குரல் விட்டுப் போகவே இல்லை, வெளிச்சத்துக்காகத்தான் மறுபடி சொல்ல வைத்திருக்கிறார் — இப்போதுதான் புரிகிறது!

அவள் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள். நல்ல பெண். மெஷினைத் திரும்பப் போட்டேன். ஒரு லென்ஸ் வீணாயிற்று.

மார்ச் 20, வெள்ளி

சென்டருக்குப் போன் செய்தேன். ஒருவன் எடுத்தான்.

“ஆப் போடும்போது நீங்கதானே சார் ‘சம்மதம்’னு அமுக்கினீங்க? வீடியோ எல்லாம் எங்ககிட்ட சேமிப்புல இருக்கும்னு அதுலயே போட்டிருக்கு.”

அதை யாராவது படிப்பார்களா? படித்தால்தான் என்ன, அழுகிறவனைக் கடைத்தெருவில் நிறுத்துவோம் என்றா எழுதியிருக்கும்?

“ப... ப... ப...” என்று ஆரம்பித்தேன்.

“பதிவை எடுக்கணுமா சார்? பார்க்கறோம்” என்று அவனே என் வார்த்தையை முடித்துவிட்டு வைத்துவிட்டான். பாவின்னு சொல்ல வந்தேன்டா உன்னை.

மார்ச் 21, சனி

சாப்பிடும்போது மனைவியிடம் குழம்பு கேட்க வாயெடுத்தேன். ‘கு’விலேயே நின்றுவிட்டது. வழக்கமாக இந்நேரம் பாப்பா சொல்லியிருப்பாள். இன்று தலையைக் குனிந்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி ஆச்சு உனக்கு?” என்றாள் மனைவி.

“நான் சொன்னா அப்பாவுக்கு வலிக்குமாம். வீடியோல சொன்னாரு. ஸ்கூல்ல காட்டினாங்க.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எங்ககிட்ட சொல்லாம யாரோ ஒருத்திகிட்டயா சொன்னீங்க?” என்றுதான் கேட்டாள்.

என்னை விடுங்கள், இந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது?

மார்ச் 26, வியாழன்

டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். மெஷினை அணைத்தேன்.

“சத்தியமா எனக்கு இப்படிப் போடுவாங்கன்னு தெரியாது. நல்ல கேஸ் ஒண்ணு கொடுங்கன்னாங்க. பயிற்சிக்குன்னு நினைச்சேன்.”

“லை... லைட்டை வைக்கச் சொன்னது யாரு?”

கேட்டுவிட்டேன். திக்கினாலும் நானே முடித்தேன். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

“உங்ககிட்ட நல்ல முன்னேற்றம் தெரியுது” என்றார் கடைசியில். இந்த நேரத்தில்கூட என் பேச்சுக்கு மார்க் போடுகிறார்! மெஷினைப் போட்டேன். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வீடியோவை எடுத்துவிட்டார்களாம், மன்னிப்பும் அனுப்பியிருக்கிறார்கள். யார் யார் போனில் இருக்கிறதோ, அதை யார் எடுப்பது?

ஆப்பை அழித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு வலித்தது அவளால் இல்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெளிநாட்டிலிருந்து மைத்துனன் வீடியோவில் வந்தான். புது வேலை, புது வீடு. சமையலறை வரைக்கும் சுற்றிக் காட்டினான். பாப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சிரித்தேன், கையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை. “அத்தானுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டு வைத்தான்.

“ஏம்ப்பா பேசல?”

“அ... அங்க வேற யாராவது இருந்தா?”

பாப்பா யோசித்தாள். அப்புறம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, என் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“இப்போ சொல்லு. மாமாகிட்ட என்ன சொல்லணும்னு நினைச்சே?”

சொல்ல ஆரம்பித்தேன்.