வடக்குக் கம்பி

மாப்பிள்ளைக்கு,

அத்தனை நட்பாக இருந்த நாம் இரண்டு வருடமாகப் பேசவில்லை. இதையாவது கிழிக்காமல் படி.

திருச்சுழி ரோட்டுக் காட்டில் நம் ஹாம் ரேடியோ டவரை நேற்று மறுபடி நிறுத்தினேன். உன் தம்பி மாரிசெல்வம் கடைசியாக ஏறிய அதே அறுபதடி டவர்தான்.

இந்த முறை யாரையும் ஏற விடவில்லை. ஆன்டெனாவைத் தரையிலேயே பூட்டி, டவரோடு சேர்த்துக் கிரேனால் தூக்கினோம். டவரைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி மூன்று பக்கமும் இறுகும்வரை கிரேன் கொக்கியைக் கழற்ற விடவில்லை.

"அதேன் அசையாம நிக்குதுல்லண்ணே, கொக்கிய எடுக்கவா?" என்று கிரேன் ஓட்டிய சகாபுதீன் மூன்று தடவை கேட்டான். நான் ஒவ்வொரு கம்பியையும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அப்படிப் பார்க்கவில்லை. மாரி மேலே இருக்கும்போதே, மாற்றுக் கம்பி கட்டாமல், வடக்குக் கம்பியைக் கழற்றிவிட்டேன்.

"அண்ணே, ஆடுதுண்ணே" என்றான்.

"பிடிச்சுக்கலே, ஒரு நிமிசந்தேன்" என்றேன்.

காற்று அடித்து டவர் சாய்ந்துதான் மாரி செத்தான் என்று உங்கள் வீட்டில் சொன்னேன். அன்று காற்றே இல்லை.

நேற்று டவர் நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரேடியோவைப் போட்டேன். நீ யாரிடமோ மழை இல்லை என்று பேசிக்கொண்டிருந்தாய். பேசும் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். அதில் பேசினால் ஊர் உலகமே கேட்கும். இதை முதலில் நீ கேட்க வேண்டும்.

உன் அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். வரலாமா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் சேக்காளியாக இருந்தவன்