இரண்டு அமைச்சுக்கும் ஒரே மேசை

அன்புத் தோழி,

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இன்று கோயில் தேர். தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் பின்னால், ஒலிபெருக்கிக்காக ஒரு ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் புகை முகத்தில் அடித்ததும், சனத்துக்குள் நின்றபடியே உம்மை நினைத்தேன்.

நாங்கள் வேலையாகப் போன அந்த மேற்கு ஆபிரிக்கத் தலைநகரில் தெருவெல்லாம் இதே மணம்தான். வசதியான வீடுகளில் ஜெனரேற்றர் இரையும். மற்ற வீடுகள் இருட்டில் கிடக்கும். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்து எஞ்சினியரான உம்மால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு போக முடியவில்லை.

அந்த நாட்டுக் கடலில் அப்போதுதான் எண்ணெய் கண்டிருந்தார்கள். எண்ணெய்த் துறையையும் மின்சாரத் துறையையும் எப்படி வளர்ப்பது என்று திட்டம் எழுதும் வேலை, இங்கே புறநகர் சென் தெனியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இரண்டு அமைச்சுகள், இரண்டு அறிக்கைகள். எண்ணெய் உமக்கு, மின்சாரம் எனக்கு. எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் கடலிலேயே எரித்துவிடுவார்கள் என்று உமது அறிக்கையில் இருந்தது. மின் நிலையங்களுக்கு வெளிநாட்டு டீசல் வாங்குவார்கள் என்று என்னுடையதில் இருந்தது. ஒரு மதியம் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த நீர், சாப்பாட்டை மூடிவைத்தீர்.

"இதை இரண்டா எழுதேலாது. அந்த வாயுவிலயே கரண்ட் எடுக்கலாம். எழுதினா நாங்களும் சேர்ந்துதான் எரிக்கிறம்."

கேட்டதைக் கொடுத்தால் போதும் என்றார் மேலாளர். உமது வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது அவர் கையில் இருந்தது. நான் பயந்து, பொறுமையாகப் பேசும்படி கெஞ்சினேன். "ஓம், பொறுமையாத்தான் பேசுவன்" என்றீர்.

இறுதிக் கூட்டத்தில் எண்ணெய் அதிகாரியும் மின்சார அதிகாரியும் மேசையின் இரு முனைகளில் இருந்தார்கள். நீர் எழுந்து எண்ணெய் அதிகாரியிடம் பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்: கடலில் எரியப்போகும் எரிவாயுவைப் பற்றி இவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? மின்சார அதிகாரி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் எண்ணெய் அதிகாரிக்குப் பக்கத்தில் போட்டார். இருவரும் கடற்கரை வரைபடம் ஒன்றை விரித்தார்கள். மேலாளரின் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. நான் உம்மையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை ஒன்றானது. அடுத்த வேலைக்கும் நீரே வரவேண்டும் என்று அந்த அதிகாரிகள் கேட்டதால் உமது ஒப்பந்தமும் நீண்டது. ஆனால் எரிவாயுக் குழாய் கரைக்கு வந்து மின் நிலையம் எழும்பும்வரை நோய் உம்மை விட்டுவைக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு நான் போனேன். எந்த உரையிலும் உமது பெயர் வரவில்லை. மாலையில் வெளியே நடந்தேன். சின்ன வீடுகளிலும் லைற் எரிந்தது. ஒரு தையற்காரி வாசலில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்தாள். இது என்ர சிநேகிதி செய்த வேலை என்று யாருக்காவது தமிழில் சொல்லவேண்டும் போலிருந்தது. அங்கே தமிழ் தெரிந்த ஆளில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

உமது பொறுப்பு இப்போது என்னிடம். போன மாதம் இன்னொரு நாட்டின் இரண்டு அமைச்சுகள், தனித்தனியே சந்திக்க நேரம் கேட்டு எழுதின. இரண்டுக்கும் ஒரே நாளை, ஒரே மணியை, ஒரே அறையைக் கொடுத்தேன்.