உன் வாயைக் கட்டிப்போட்ட நாலு வருஷம்

இன்று மதியமும் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள் நம் மகள். சாப்பிட வா என்று அர்த்தம். பன்னிரண்டு வயதாகிவிட்டது, 'பப்பா' என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன? அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீயும் அவளைத் தட்டைத் தட்டித்தானே சாப்பிடக் கூப்பிட்டாய். அப்படிக் கூப்பிட வைத்தவன் நான்தானே.

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்துவிட்டு, பென்ஷனோடு முத்தியால்பேட்டைக்கு வந்து உன்னைக் கட்டிக்கொண்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் பல வருஷம் ஆகியும் என் மிடுக்கு இறங்கவில்லை. மகள் பிறந்த மறுவாரமே சட்டம் போட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் சேரும்வரை அவள் காதில் தமிழ் விழக்கூடாது. உனக்கோ பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது.

"அப்ப நான் எப்புடிங்க கொஞ்சுறது?" என்று சிரித்தாய். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

"கொஞ்சவே வாணாம். இவ பிரான்ஸ் போவணும். நம்ம சனம் மாதிரி மில்லு வேலைக்கா போவணும்?" என்றேன். அடப்பாவி, பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது!

நீ குளிப்பாட்டினாய், சோறூட்டினாய், தூங்கவைத்தாய், எல்லாம் வாய் திறக்காமல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் நான் அண்டவிடவில்லை. என் பிரெஞ்சு மட்டும் என்ன வாழ்ந்தது? பட்டாளத்தில் பொறுக்கியது. உட்கார், எழுந்திரு, சத்தம் போடாதே. பகலெல்லாம் அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

நாலு வயதில் பள்ளியில் விட்டோம். மூன்றாம் நாளே ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உக்காருன்னா உக்காருறா, எழுந்திருன்னா எழுந்திருக்கிறா. மத்த புள்ளைங்க கிட்ட வந்தா சுவத்தோரமா ஒதுங்கிடுறா. கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க முசியே, இவ அம்மா ஊமையா?"

வீட்டுக்கு ஓடிவந்து, "இனிமே பேசு, எவ்ளோ வேணும்னாலும் பேசு" என்று உன்னிடம் கெஞ்சினேன். "கண்ணு" என்றாய். அவள் உன் வாயையே பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தாய். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள்காமாலை வந்து நீ போய்விட்டாய்.

அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினேன். கணக்கெல்லாம் டாண் டாண் என்று போடுகிறாள். ஆனால் இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். விழுந்து முழங்கால் கிழிந்தாலும் யாரிடமும் சொல்வதில்லை, ரத்தம் காய்ந்த பிறகு நானாகத்தான் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மாவுக்கு என்னைப் புடிக்காதா பப்பா? எங்கிட்ட பேசுனதே இல்லியே."

உடம்புக்கு முடியாமல் இருந்தாள் என்று புளுகினேன்.

அவளுக்கு ஞாபகமில்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அவளுக்கு இரண்டரை வயது. எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்ததால் கடைத்தெருவிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டேன். கிணற்றடியில் உன் குரல் கேட்டது.

"காக்கா என்னா கேட்டுச்சு, தங்கம்?"

"சோறு கேட்டுச்சு."

"குடுத்தியா?"

"நானே தின்னுட்டேன்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கனைத்தேன். ஒரே ஒரு கனைப்புத்தான். நீ சட்டென்று அவள் வாயைப் பொத்தினாய். அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

இத்தனை வருஷமாக அதை நான் ஒருவனே வைத்துக்கொண்டிருக்கிறேன். அது அவளுடையது. சொன்னால் அவளுக்கு அம்மா கிடைப்பாள், அப்பா போய்விடுவான். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதோ, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டுச் சொல்லிவிடப்போகிறேன். அதன்பிறகு அவள் என்னோடு பேசாமலே இருந்தால், இருக்கட்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தானே.