நைனாவால் முடியாத ஒரு நிமிடம்

ஞாயிறு இரவு, பிச்சாட்டூர்.

கார் வந்துவிட்டது. பழைய கார்தான், ஆனால் எங்கள் வீட்டுக்கு முதல் கார்.

திருப்பதி வியாபாரியிடம் இரண்டு சின்ன டீசல் கார்கள் இருந்தன. ஒன்றில் டர்போ உண்டு, மற்றதில் இல்லை. திருமலை ஏற இழுவை வேண்டும் என்று நான் டர்போவுக்கே அடம்பிடித்தேன். நைனா ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. நிறுத்தியதும் சாவியில் கை வைத்தார்.

"உடனே ஆஃப் பண்ணாதீங்க சார். ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும், அப்பதான் டர்போ தாங்கும்" என்றார் வியாபாரி.

இறக்கம் வந்தால் டிராக்டரையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர் நைனா. "நின்னுகினு இருக்கிற வண்டி எதுக்கு டீசல் துன்னணும்?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அணைத்தே விட்டார்.

இவர் கையில் டர்போ பிழைக்காது. டர்போ இல்லாததையே வாங்கினோம். வீடு திரும்பும் வழியில், புத்தூர் ஏற்றத்தில் ஒரு ஷேர் ஆட்டோ எங்களை முந்திப் போனது. எனக்கு மானம் போனது. நைனா சிரித்தார்.

வாசலில் அம்மா ஆரத்தி சுற்றி, உள்ளே போய்ச் சோறும் போட்டுவிட்டாள். நைனாவைக் காணோம். எட்டிப் பார்த்தேன். எஞ்சினை ஓடவிட்டபடி காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏன் நைனா, இன்னும் ஆஃப் பண்ணல?"

"இரும்மா, சத்தம் நல்லா கீது."