அக்கா தைத்த திரை

என் மெற்றி அக்காவுக்கு,

சேமக்காலையில் உன் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். அத்தான் கட்டாரிலிருந்து அனுப்பிய பிளாஸ்ரிக் பூவைத்தான் வைத்திருக்கிறேன். கோபப்படாதே, இந்த வெயிலில் வேறெது நிற்கும்? ஆனால் இதைச் சொல்ல நான் எழுதவில்லை. உன் மகள் அனிற்றாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுத உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது.

பழைய பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் அந்த ஆலையை உன்னைவிட யார் அறிவார்? முன்பு அதன் புகை கொண்டச்சிப் பக்கம் இறங்கும்போதெல்லாம் ஆடுகள் சுருண்டு விழுந்தன. ஊர் கூடிச் சண்டை பிடித்த பிறகுதான் புகையை வடிகட்டும் அறையைக் கட்டினார்கள். உள்ளே ஆள் உயரத் துணிப்பைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். புகை அவற்றுக்குள்ளால் போகவேண்டும்; ஈயத்தூள் துணியில் தங்கிவிடும், வெறும் காற்று மட்டும் வெளியேறும். கிழிந்த பைகளைத் தைக்கத்தான் உன்னை வேலைக்கு எடுத்தார்கள்.

ஒருநாள் உனக்குச் சோறு கொண்டுவந்தபோது கதவால் எட்டிப் பார்த்தேன். அத்தனை பைகளும் ஒன்றாக மூச்சை இழுத்து, ஒன்றாக விட்டன. நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்ததைச் சொல்லிச் சொல்லி நீ எத்தனை நாள் சிரித்தாய்!

புகை நின்றது. ஆடுகள் பிழைத்தன. தேய்ந்த பைகளை அவர்கள் மூலையில் குவித்தபோது உனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. "என்ன மொத்தமான துணி, இதையும் எறியிறதோ?" என்று வீட்டுக்குத் தூக்கி வந்தாய். கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டாய். சோளகக் காற்றில் அவை ஊதிப் பெருத்து, உள்ளே யாரோ நிற்பதுபோல் ஆடும். அடுத்த வீட்டுப் பாத்துமா மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தபடியே நடப்பார். அப்படிப் பயந்தவரும் ஒரு பையை வாங்கிப் போய்க் கருவாடு காயப்போட்டார்தான்.

இரண்டு பைகளைப் பிரித்து அறை வாசலுக்குத் திரை தைத்தாய். ஓரத்தில் சிவப்பு நூலால் மீன்கள் போட்டாய். அது பழசாகுமுன் நீ போய்விட்டாய்.

அதன்பிறகு அனிற்றா அந்தத் திரையை விட்டு நகரவில்லை. பொழுதுபடும் நேரம் முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு நிற்பாள். காற்றே இல்லாத வீட்டில் திரை மெல்ல உள்ளே போகும், வெளியே வரும். அது பிள்ளையின் மூச்சு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கிட்டப் போகக் கால் வரவில்லை, அக்கா.

"அங்க ஆரோட கதைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அம்மாவோட."

"அம்மா என்ன சொல்லுறா?"

"ஒண்டும் சொல்லேல்ல. அம்மா இனிக்கிறா."

தாயை இழந்த ஏக்கம் என்றார்கள். சுவாமி வந்து தீர்த்தம் தெளித்துச் செபித்தார். பாத்துமா மாமி ஓதிய தண்ணீர் தந்தார். ஆனால் அவளுடைய வயிற்றுவலி நிற்கவில்லை, பேச்சு நின்றுகொண்டே வந்தது. வண்ணத்துப்பூச்சி என்று வாய் நிறையச் சொன்னவள் பூச்சி என்றாள். பிறகு விரலை மட்டும் நீட்டினாள்.

மன்னாருக்குக் கொண்டு ஓடினேன். டொக்டர் அவளுடைய உதட்டைத் தூக்கினார். பல்லின் அடியில், முரசில் நீலமாக ஒரு கோடு. உன்னைப் பெட்டிக்குள் வைத்தபோது உன் வாய் சரியாக மூடவில்லை. அங்கேயும் இதே கோட்டைக் கண்டேன், வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். நீ வெற்றிலை போட்டதே இல்லை என்பது ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்குச் சிறுநீரகம் பழுது என்றார்கள். அதைப் பழுதாக்கியது எது, அக்கா?

இரத்தத்தைச் சோதித்துவிட்டு டொக்டர் கேட்டார்: "இரத்தத்தில ஈயம் கூடக் கிடக்கு. எதையாவது வாயில வைக்கிறவாவோ?"

திரையைச் சொன்னேன். இனிக்கிறது என்று பிள்ளை சொன்னதையும் சொன்னேன். ஈயத்தில் சில வகை இனிக்கும் என்றார் டொக்டர்.

"அக்கா நல்லா அலசித்தானே தைச்சவ," என்றேன்.

"அந்தத் துணியின்ர வேலையே அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதானே, தங்கச்சி."

எரித்துவிடச் சொன்னார் பாத்துமா மாமி. டொக்டர் அனுப்பிய சுகாதாரப் பரிசோதகர் பதறிப்போனார். "எரிச்சா பிடிச்சதெல்லாம் திரும்பப் புகையாப் போயிடும். மண்ணுக்குள்ள தாட்டா கிணத்துக்கு வரும். மூடின பீப்பாக்குள்ள போட்டுத் தாங்கோ." கையுறை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு, அவர்தான் திரையைக் கழற்றினார். அனிற்றா வாசலில் நின்று பார்த்தாள். எத்தனையோ நாளாகச் சொல் சேராத வாயால் அலறினாள்: "சின்னம்மா, அம்மாவைக் கொண்டு போறாங்கள்!"

அந்த ஒரு முழு வசனத்துக்காக நான் ஏங்கியிருந்தேன். கேட்டதும் அவளை வாரித் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

இரத்தத்தில் ஈயம் மெல்லக் குறைகிறது. பேச்சு எவ்வளவு திரும்பும் என்று எவருக்கும் தெரியாது.

உன் கை தாராளமான கை, அக்கா. யாருக்கெல்லாம் பை கொடுத்தாய் என்று விசாரித்து வீடு வீடாகப் போகிறேன். மாமி கருவாட்டையும் சேர்த்துத் தந்துவிட்டு அழுதார். "செத்தவளின்ர பேரை ஏனடி நாறடிக்கிறாய்?" என்று கேட்டவர்களும் தந்தார்கள். லுமினா மட்டும் தரவில்லை. அவளுடைய கைக்குழந்தைக்கு நீ அந்தப் பைத்துணியில் ஏணை தைத்துக் கொடுத்திருக்கிறாய். பிள்ளை அதற்குள் கிடந்து ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. அழாத பிள்ளை என்று பெருமையாகச் சொன்னாள். "இது மெற்றி அக்கா ஆசையாத் தைச்சுத் தந்தது. ஆர் வந்து கேட்டாலும் குடுக்கமாட்டன்."

விடிந்ததும் அனிற்றாவைத் தூக்கிக்கொண்டு லுமினா வீட்டுக்குத் திரும்பப் போகிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு ஓடியிருப்பாய். அதனால் நான் கேட்பதாகச் சொல்லப்போவதில்லை. அக்காதான் திருப்பிக் கேட்டவ என்று சொல்லப்போகிறேன். அந்த ஏணையிலிருந்து பிள்ளையை என் கையால் தூக்காமல் வீடு திரும்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தங்கச்சி,
உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
ஜெனி